எந்த வீட்டுக்கு எந்த நாய்?

மீளக் குடியமர்ந்த கிராமங்களுக்கு நாம் போகும்போது மக்கள் பல விடயங்களைக் கேட்கிறார்கள். தூர்ந்த கிணற்றை இறைப்பது, விதை வெங்காயம் எடுப்பது, கறவை மாட்டுக்கு ஊசி போடுவது, கடனைக் கட்டித் தீர்ப்பது என்று கேள்விகள் நீளும். இவற்றின் நடுவே, சற்றுத் தயக்கத்தோடு, இன்னொரு கேள்வியும் வருகிறது. "நல்ல சாதி நாய்க்குட்டி ஒண்டு எங்க எடுக்கலாம்?" எதற்கு என்று விசாரித்தால் காரணம் உடனே வரும். வேலி இன்னும் அடைத்து முடியவில்லை. பக்கத்து வளவு பற்றை மண்டிக் கிடக்கிறது. வீட்டில் ஆண்துணை இல்லை. இரவில் ஒழுங்கையில் யாரோ நடக்கிறார்கள். கொட்டிலில் ஆடு நிற்கிறது, நரி ஊளையிடுகிறது.

ஆகவே நாய் வளர்ப்பதைப் பற்றி இங்கே எழுதுவது வீண் வேலை என்று நாம் நினைக்கவில்லை. வளவுக்கு ஏற்ற நாய் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தால் அது வேலிக்கு மேல் வேலி. ஏலாத நாய் வந்து சேர்ந்தால், சோற்றுப் பானையில் பங்கு கேட்பதோடு நில்லாமல், அயலவர் பிள்ளையைக் கடித்து ஆஸ்பத்திரிச் செலவும் மனத்தாங்கலும் கொண்டுவரும். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் வாங்கிய அல்சேஷன், பகல் முழுவதும் மாமரத்தடியில் சங்கிலியில் கிடந்து, வட்டமாக மண்ணைத் தேய்த்து, சோறு வைக்கப் போகும் தாயைக்கூடக் கிட்ட விடாமல் நிற்பதை நாம் ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அந்த நாயும் பாவம், அந்தத் தாயும் பாவம்.

நாயைத் தெரிவு செய்யுமுன் நாயைப் பார்க்க வேண்டாம், உங்களைப் பாருங்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவது. உங்கள் நாள் எப்படிக் கழிகிறது? வளவு எப்படிப்பட்டது? உங்கள் குணம் என்ன? இவற்றுக்கு விடை கண்டபின் நாயைத் தேடினால் பிழை குறையும்.

சாதி நாய்கள் எங்கிருந்து வந்தன?

நாயிலும் சாதி பார்க்கும் எமது பழக்கத்தை என்னவென்று சொல்வது! ஆனால் இந்தச் 'சாதிகள்' வானத்திலிருந்து வந்தவையல்ல. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தொழிலாளி, தன் தொழிலுக்காக, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உண்டாக்கியிருக்கிறான்.

நாம் அல்சேஷன் என்று சொல்வது ஜேர்மன் நாட்டு ஆட்டிடையரின் நாய். மக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி 1899 இல் அதை ஒரு தனி இனமாகப் பதிவு செய்து வளர்க்கத் தொடங்கினார். வேலியில்லாத புல்வெளியில் மேயும் செம்மறிகள் பக்கத்துப் பயிருக்குள் இறங்காதபடி, காலையிலிருந்து மாலைவரை எல்லையோரமாக ஓடித் திரிவதே அதன் வேலை. முதலாம் உலகப் போரையடுத்து ஜேர்மன் என்ற சொல்லே ஆகாது என்று ஆங்கிலேயர் அதற்கு அல்சேஷன் எனப் பெயர் மாற்றினர். அவர்கள் 1977 இல் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டனர். நாம் இன்னும் திரும்பவில்லை.

றொட்வைலர், றொட்வைல் என்ற ஜேர்மன் நகரத்தில் மாடுகளைச் சாய்த்துச் செல்லவும் இறைச்சிக் கடைக்காரரின் வண்டியை இழுக்கவும் வளர்க்கப்பட்டது. டோபர்மனை உண்டாக்கியவர் வரி அறவிடும் வேலையிலும் இருந்தவர். வரி கேட்டு வீடு வீடாகப் போகிறவருக்குத் துணைக்கு ஒரு கடுமையான நாய் தேவைப்பட்டதில் வியப்பில்லை. லாப்ரடோரின் முன்னோர் வட அமெரிக்காவின் நியூபவுண்லாந்துக் கரையில் மீனவரோடு குளிர்ந்த கடலில் நீந்தி வேலை செய்தவை. கட்டைக்கால் டாஷ்ஹண்ட், மண் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கப்பட்டது. அதை வளர்ப்பவர்கள் பூக்கன்று நட்டுவிட்டு அதைக் காவலுக்கு விட வேண்டாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று சொந்த இனங்கள் உண்டு. இராஜபாளையம் நாய்க்கு 2005 இல் இந்தியா தபால் முத்திரையும் வெளியிட்டது. வெயிலைத் தாங்குவதில் இவை ஐரோப்பிய நாய்களைவிட மேல். ஆனால் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. ஓடுவது எதுவானாலும் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் உள்ளது. அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியும் ஓடும், உங்கள் கோழியும் ஓடும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும். தூய வெள்ளை நிறமான இராஜபாளையம் நாய்களில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு.

இப்படியென்றால் இனத்தைத் தெரிந்துகொண்டால் குணத்தையும் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2022 இல் 'சயன்ஸ்' என்ற ஆய்விதழில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. 18,000 இற்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000 இற்கும் மேற்பட்டவற்றின் பரம்பரை அலகுகளையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தால் விளக்கக்கூடிய பங்கு ஏறக்குறைய 9 சதவீதம் மட்டுமே. மீதி, அந்தத் தனி நாயின் இயல்பும் அது வளர்ந்த விதமும். உடம்பின் அளவு, மயிர், தீனி, வெக்கையைத் தாங்கும் சக்தி ஆகியவற்றை இனம் நன்றாகவே சொல்லும். துரத்துவது, பொருளைக் கௌவி வருவது போன்ற சில பழக்கங்களையும் ஓரளவு சொல்லும். உங்கள் வீட்டில் அது அன்பாக இருக்குமா, பிள்ளையைக் கடிக்குமா என்பதை இனத்தின் பெயர் சொல்லாது.

அல்சேஷன் யாருக்கு?

அல்சேஷன் கெட்ட நாய் என்று நாம் சொல்ல வரவில்லை. புத்திசாலி நாய், பழக்கினால் சொல் கேட்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த கடுவன் 30 முதல் 40 கிலோ நிறை இருக்கும். எமது ஊர் நாயின் தீனியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதற்குத் தேவை. அதிலும் வெறும் சோறும் குழம்பும் போதாது. மீனோ முட்டையோ இறைச்சியோ சேர வேண்டும். பிள்ளைகளுக்கே முட்டை வாங்க யோசிக்கிற வீட்டில் இது சின்னக் கணக்கல்ல. குளிர்நாட்டுக்கென்று வந்த இரட்டை மயிர்ப் போர்வை. எங்கள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைக் கட்டினால் மூச்சிளைத்துச் சாகவும் கூடும். உண்ணியும் தெள்ளும் அந்த மயிருக்குள் இலகுவில் கண்ணில் படா. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. குட்டியில் தெரியாது, காசு கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு வளர்த்தபின் பின்னங்காலை இழுக்கத் தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுவதும் ஆட்டுக்குப் பின்னால் ஓடுவதற்குப் படைத்த நாய் அது. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலமாவது அதோடு நடந்து, பழக்கி, வேலை கொடுக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தால், அவரும் பொறுமைசாலியாக இருந்தால், வளருங்கள். காலை ஆறு மணிக்குக் கூலி வேலைக்குப் போய் மாலையில் களைத்து வருகிற வீட்டில் அது சங்கிலியில்தான் கிடக்கும். சங்கிலியில் கிடக்கும் நாய் என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து 1994 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டார்கள். வளவில் கட்டிவைத்து வளர்த்த நாய் கடிக்கும் வாய்ப்பு 2.8 மடங்காக இருந்தது. நலமடிக்காத நாய்க்கு அது 2.6 மடங்கு.

சிலர் காவலுக்கென்று வாலை நறுக்குகிறார்கள், காதை வெட்டுகிறார்கள், இருட்டில் அடைத்து வைக்கிறார்கள். இவற்றால் நாய் வீரனாவதில்லை. பயந்த நாயாகிறது. பயந்த நாய் கள்வனைக் கண்டால் ஒளிக்கும், பாலகனைக் கண்டால் கடிக்கும்.

ஊர் நாய்

ஊர் நாயைக் கலப்பு நாய், ஒன்றுக்கும் உதவாதது என்று எண்ணுவது பலரது வழக்கம். உண்மை வேறு. நாய்ச் சாதிகளைப் பதிந்து வைக்கும் இலண்டன் கெனல் கழகம் தொடங்கியதே 1873 இல்தான். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே மனிதரோடு குப்பைமேட்டிலும் அடுப்படியிலும் வாழ்ந்து, இந்த வெயிலுக்கும் இந்த மழைக்கும் ஏற்றபடி தானாகவே அமைந்தது ஊர் நாயின் உடம்பு. பெரும்பாலும் 15, 20 கிலோ நிறை. குட்டை மயிர். ஒடுங்கிய இடுப்பு. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருக்காததால், சாதி நாய்களில் காணும் பரம்பரைக் குறைகள் குறைவு.

சோற்றைத் தின்று சீவிக்கும் நாயைப் பார்த்து நாம் இரக்கப்படுகிறோம். ஆனால் ஓநாயோடு ஒப்பிட்டால், மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் பரம்பரை அலகுகள் நாய்க்கு மிக அதிகம் என்று 2013 இல் கண்டறிந்துள்ளார்கள். மனிதர் பயிர்செய்யத் தொடங்கிய காலத்தோடு நாயும் சோற்றுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சோற்றோடு ஒரு மீன் தலையோ, கருவாட்டுத் துண்டோ, அவித்த பருப்போ சேர்ந்தால் ஊர் நாய் நன்றாகவே இருக்கும். வெங்காயம் மட்டும் கூடாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயத் தோட்டக்காரர் கழித்துப் போடும் வெங்காயத்தையும், வெங்காயம் நிறையப் போட்ட குழம்பையும் நாய்க்கு வைக்க வேண்டாம். அவித்த கோழி எலும்பும் குடலைக் கிழிக்கும்.

காவலென்று பார்த்தால், ஊர் நாய் பாய்ந்து கடிப்பதைவிடத் தூரத்தில் நின்று குரைப்பதே அதிகம். எமக்குத் தேவையும் அதுதான். படலையடியில் ஆள் வந்தால் தெரிய வேண்டும், அவ்வளவே. கடித்துக் குதறும் நாய் கள்வனுக்கும் கிராம அலுவலருக்கும் வித்தியாசம் பார்க்காது.

குறைகளும் உண்டு. ஊர் நாய் தன் எண்ணப்படி நடக்கும். அல்சேஷனைப்போல் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடி வராது. பெட்டை தேடி ஊர் சுற்றும், சைக்கிளைத் துரத்தும். குட்டியில் பழக்காவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

உங்கள் குணமும் உங்கள் வீடும்

சட்டென்று கோபம் வந்து கைநீட்டும் சுபாவம் உள்ளவரா நீங்கள்? அப்படியானால் கடுமையான நாய் உங்களுக்கு ஆகாது. அடிக்கு அடி அதுவும் கடுமையாகும். மந்தமான, வயது கூடிய, ஏற்கெனவே மனிதரோடு பழகிய ஒரு நாயை எடுங்கள். மாறாக, நாய்க்கு ஒருபோதும் 'வேண்டாம்' என்று சொல்ல மனம் வராதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் பெரிய நாய் எசமானாகிவிடும். சிறிய ஊர் நாய் போதும்.

தனியாக இருக்கும் முதியவர்கள் குட்டி எடுப்பதை நாம் ஊக்குவிப்பதில்லை. குட்டி காலில் சிக்கும், தூங்க விடாது, எல்லாவற்றையும் கடிக்கும். நாலைந்து வயதான, அமைதியான பெட்டை நாய் ஒன்று திண்ணையில் படுத்திருந்தால் அதுவே அவர்களுக்குப் பேச்சுத்துணை. அப்படிப்பட்ட நாய்கள் ஒவ்வொரு சந்தையடியிலும் நிற்கின்றன. ஊசியைப் போட்டு, உண்ணி எடுத்து, பத்து நாள் சோறு வைத்தால் போதும், பதினோராம் நாள் வீடு அதனுடையது.

தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில், நாய் தின்னும்போதும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் பிள்ளையை அண்ட விடக் கூடாது. அது எவ்வளவு நல்ல நாயானாலும் சரி. பிள்ளைகள் பாடசாலை போகத் தொடங்கியபின் குட்டி எடுப்பது இலகு.

இன்னொரு கூட்டத்தினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 இன் பின் எத்தனையோ பேருக்கு இரவு நித்திரை ஒழுங்கில்லை. சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். இவர்களில் சிலருக்கு நாய் மருந்து மாதிரி. "நாய் படுத்திருக்குதெண்டால் ஒண்டுமில்லை எண்டு நானும் படுப்பன்" என்று ஒரு தாயார் எம்மிடம் சொன்னார். வேறு சிலருக்கோ, இலை விழுந்தாலும் குரைக்கிற நாய் இருக்கிற நித்திரையையும் கெடுக்கும். பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் இந்த வகை. அப்படிப்பட்டவர்கள் குட்டி எடுக்கும்போது தாய் நாயைக் கவனித்து, வீணாகக் குரைக்காத தாயின் குட்டியை எடுப்பது நல்லது.

அயலையும் பாருங்கள். நெருக்கமான வீட்டுத்திட்டக் குடியிருப்பில் பத்து வீட்டுக்குப் பத்து நாய் என்றால் இரவு எவரும் தூங்க முடியாது. முஸ்லிம் குடும்பங்கள் அயலில் இருந்தால், அவர்கள் முற்றத்துக்கும் தொழுகைக்குப் போகும் வழிக்கும் நாய் போகாதபடி பார்த்துக்கொள்வது பண்பு.

ஆட்டுப்பட்டிக்கு நாய்

ஆடு வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். நரிக்கும் கட்டாக்காலி நாய்க்கும் ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுத்தவர்கள் எமது கிராமங்களில் ஏராளம். இதற்கு வெளிநாட்டு நாய் தேவையில்லை.

ஆபிரிக்காவின் நமீபியாவில் 1994 முதல், துருக்கியிலிருந்து வந்த பெரிய காவல் நாய்களை ஆட்டுப்பட்டிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். நல்ல பயனும் கண்டார்கள். அயல் நாடான பொட்ஸ்வானாவில் அவ்வளவு செலவில்லாமல், தங்கள் சொந்த ஊர் நாய்களையே குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்த்தார்கள். அவையும் அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தன. அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்கள் சாதி பாராத ஊர் நாய்களையே செம்மறிகளுக்குக் காவல் வைத்திருந்தார்கள். இதில் இரகசியம் ஒன்றுதான். கண் திறந்த குட்டி யாரோடு வளர்கிறதோ அவர்களைத் தன் சொந்தம் என்று எண்ணும்.

செய்ய வேண்டியது இது. ஏழு எட்டுக் கிழமைக் குட்டியை எடுத்து நேரே ஆட்டுக் கொட்டிலில் விடுங்கள். கொட்டிலின் ஒரு மூலையைத் தடிகளால் அடைத்து, குட்டி மட்டும் நுழைந்து வெளிவரக்கூடிய ஓட்டை ஒன்று விடுங்கள். ஆடு முட்ட வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். சோறும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள், படுக்கையும் அங்கேயே. முட்டுகிற கிடாயை விலக்கி, சாதுவான இரண்டு மூன்று மறிகளோடு பழக விடுங்கள். பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போவதைத் தடுக்க வேண்டும். இதுதான் உண்மையில் கடினமான பகுதி! ஆனாலும் தினமும் ஒருமுறை வீட்டார் தொட்டுத் தடவிப் பழக்குங்கள். இல்லாவிட்டால் ஊசி போடவும் பிடிக்க முடியாத நாயாகும்.

ஐந்தாறு மாதமானதும் குட்டி விளையாட்டாக ஆட்டின் காதைக் கடிக்கும், துரத்தும். அந்த நேரத்திலேயே அதட்டி நிறுத்துங்கள். ஒருநாள் விட்டால் பழக்கமாகிவிடும். ஒன்றரை வயதுவரை, புதிதாக ஈன்ற குட்டிகளோடு அதைத் தனியே விட வேண்டாம். அதன்பிறகு நாய் ஆட்டோடு மேயப் போகும், ஆட்டோடு திரும்பும். இந்த நாயைக் கட்டாயம் நலமடிக்க வேண்டும். இல்லையேல் ஊரில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்த நாளில் பட்டியில் காவல் இராது.

காட்டோரக் காணிகளில் இன்னும் சில எச்சரிக்கைகள். பன்றியைக் கண்டு நாய் குரைத்தால் போதும். அதோடு மல்லுக்கட்ட ஏவி விடாதீர்கள். கொம்பன் பன்றி நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். யானை நடமாடும் இடங்களுக்கு நாயோடு போகக் கூடாது. நாய் யானையைச் சீண்டிவிட்டுத் தன் எசமானிடம்தான் திரும்பி ஓடிவரும், யானையும் பின்னால் வரும். முதலையுள்ள குளத்தில் நாயைக் குளிக்க விடாதீர்கள். கட்டுத்துவக்கு வைத்த பக்கம் நாய் போனால் திரும்பாது. மிதிவெடி அபாயப் பலகை நட்ட இடத்துக்குள் நாய் போய் நலமாகத் திரும்பியது என்பதற்காக அந்த இடம் பாதுகாப்பானது என்று எவரும் எண்ண வேண்டாம். நாயின் நிறை வேறு, உங்கள் நிறை வேறு. நாயைத் தேடிப் பிள்ளைகள் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பார்ப்பது எப்படி?

சிலர் நகத்தை எண்ணுகிறார்கள். சிலர் வாயைத் திறந்து அண்ணம் கறுப்பா என்று பார்க்கிறார்கள். நகமும் அண்ணமும் குணத்தைக் காட்டா. தாயைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு நடுங்கி ஒதுங்கும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் பயங்கொள்ளிகளாகவே வரும். வீட்டார் பக்கத்தில் நிற்கும்போது உங்களை மணந்து பார்த்துவிட்டு அமைதியாகிற தாய் என்றால் நல்லது. பிறகு குட்டிகளின் நடுவே குந்தியிருந்து, ஒரு சிரட்டையைத் தரையில் போடுங்கள். திடுக்கிட்டுவிட்டுத் திரும்பி வந்து சிரட்டையை மணக்கும் குட்டி பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. ஓடிப்போய் வெளியே வராத குட்டிக்கு மிகப் பொறுமையான வீடு தேவை. இந்தச் சோதனை வருங்காலத்தை அப்படியே சொல்லிவிடாது, ஆனால் நகம் எண்ணுவதைவிட மேல்.

எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கடிக்கும் அளவைத் தாயும் உடன்பிறந்தவையும்தான் அதற்குப் படிப்பிக்கின்றன. ஆட்டுப்பட்டிக்கென்றால் மட்டும் ஒரு கிழமை முந்தலாம். மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் கிழமைவரை குட்டி எதை எதைக் காண்கிறதோ அதற்கெல்லாம் பயமில்லாமல் வளரும். இந்த நாட்களில் சைக்கிள், உழவு இயந்திரம், பாடசாலைப் பிள்ளைகள், ஊன்றுகோல் பிடித்த பெரியவர், கோழி, மாடு எல்லாவற்றையும் அதற்குக் காட்டுங்கள். ஊசி போடாத நாய்களோடு மட்டும் சேர விடாதீர்கள்.

எல்லாரும் கடுவன் குட்டியையே கேட்கிறார்கள். பெட்டைக் குட்டிகள் உரப்பையில் கட்டப்பட்டு மதகடியில் விடப்படுகின்றன. இதைச் சொல்லாமல் விட முடியாது. காவலில் பெட்டை குறைந்ததல்ல. ஊர் சுற்றுவதும் குறைவு. பிள்ளைகளோடும் பொதுவாகச் சாந்தம். குட்டி போடும் என்பதே பயம் என்றால், அதற்குச் சத்திர சிகிச்சை உண்டு. தெருநாய்களைக் கொல்வது 2006 இல் நிறுத்தப்பட்டபின், கருத்தடையும் தடுப்பூசியுமே அரசின் வழியாக உள்ளது. உங்கள் பகுதியில் எப்போது முகாம் வருகிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ கேட்டு வையுங்கள். பெட்டை முதன்முறை பருவத்துக்கு வருமுன், ஐந்தாறு மாதத்தில் இதைப் பற்றி விசாரிக்க வேண்டும். நாயைப் பிரதேச சபையில் பதிவதும் 1901 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

விசர்நாய்க்கடி ஊசியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். 1973 இல் இந்த நோயால் இலங்கையில் 370 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 20, 30 என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்ததாலும் வந்த பலன் இது. மூன்று மாதம் நிறையும்போதாவது குட்டிக்கு முதல் ஊசி போட வேண்டும், பின்னர் ஆண்டுதோறும். எந்த நாய் கடித்தாலும், உங்கள் சொந்தக் குட்டியின் பல் பட்டாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை.

இன்னும் சொந்தக் காணிக்குப் போகாதவர்கள்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனநெரிசலில் நாயைக் கூட்டிச் செல்ல எவரால் முடிந்தது? கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டு, பானையில் இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு வந்தவர்கள் அதைச் செய்ததே பெரிது. 2009 இல் வன்னியில் அதுவும் இயலவில்லை. திரும்பி வந்தபின் சில வீடுகளில் அதே நிறக் குட்டியாகத் தேடி, அதே பெயரை, ஜிம்மி என்றோ வீரன் என்றோ வைக்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் புதுக் குட்டி பழைய நாயாகாது, அதன் குணம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பழைய ஜிம்மியோடு ஒப்பிட்டு இதற்கு அடி விழுவதை நாம் கண்டிருக்கிறோம்.

உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்கள், நாளைக்கு இன்னோர் இடம் மாற வேண்டி வரலாம் என்று நாய் எடுக்கவே தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. எடுப்பதானால் ஒருவரால் தூக்கக்கூடிய அளவு நாயாக எடுங்கள். 12, 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். சிறுவயதிலேயே கயிற்றில் நடக்கவும், ஓட்டோவிலும் லொறியிலும் பயமின்றி ஏறவும், உரப்பை விரித்த இடத்தில் படுக்கவும் பழக்குங்கள். இடத்தோடு ஒட்டிய நாய் புது இடத்தில் அவிழ்த்தவுடன் பழைய வளவுக்கே ஓடும். ஆகையால் போய்ச் சேர்ந்தபின் இரண்டு கிழமையாவது கயிற்றிலோ அடைப்பிலோ வைத்து, வீட்டார் கையாலேயே சோறு வைக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி வைத்திருக்கும் அதே பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.